கொசு ஏறாத ஊர்

எனக்கு இப்போது இருக்கும் ஒரே உடற்பயிற்சி கொசு மட்டை வீசுவதுதான். திண்டுக்கல்லில், வாடகை வீட்டுக் கூடத்தில், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு கையில் மட்டையும் மறு கையில் புத்தகமுமாக நான் உலாத்துவேன். இந்த மனுசனுக்கு இரண்டுமே உருப்படியாக நடப்பதில்லை என்று என் மனைவி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். கொசு விஷயத்தில் நான் ஒரு காலத்தில் நிபுணனாக இருந்தவன். அப்போது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு எந்தத் துறையிலும் யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை.

எங்கள் ஊர் கொடைக்கானல் மலையில், வில்பட்டியைத் தாண்டி ஒரு சரிவில் இருக்கிறது. பூண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ் போடுகிற ஊர். காட்டுமாடு வரும், பன்றி வரும், சீசனுக்கு ஆள் வரும்; கொசு மட்டும் வராது என்பது ஊரின் பெருமை. ஏறி வருகிற வழியிலேயே அதற்கு மூச்சு முட்டிவிடும் என்பது அப்பாவின் கருத்து. இந்த நம்பிக்கையால் ஊரில் யாரும் எந்தத் தண்ணீரையும் மூடி வைப்பதில்லை. வாசலில் அண்டா திறந்து கிடக்கும், மாட்டுத் தொட்டி திறந்து கிடக்கும், பூண்டுக் காட்டில் மருந்தடிக்கிற பீப்பாய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வராத விருந்தாளிக்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்?

அந்தப் பெருமையின் மேல் ஒரு பெரிய பாரத்தை ஏற்றி வைத்த வருஷத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அப்பாவின் தங்கையைப் பழனியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை. கடையும் வீடும் ஒன்று. முன்னால் கற்பூரம், பின்னால் குடித்தனம், அதற்கும் பின்னால் சாக்கடை. போன கொஞ்ச நாளிலேயே அத்தைக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மலைக்கு வந்தாள், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள், தேறினாள், திரும்பிப் போனாள். மறுபடி காய்ச்சல், மறுபடி மலை. மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டாளா என்று யாரும் அவளைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மூன்றாவது முறையோ நாலாவது முறையோ வந்தபோது, அடுப்படியில் அம்மாவிடம் அவள் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"என்னய அங்க அனுப்பாதீங்க மதினி."

அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். அடிக்கிறார்களா? இல்லை. மாமியார் கொடுமையா? அப்படிச் சொல்ல முடியாது. சோறு? வயிறு நிறையப் போடுகிறார்கள். மாப்பிள்ளை குடிக்கிறாரா? வெற்றிலைகூடப் போடுவதில்லை. அப்புறம் என்னதான் என்றதற்கு அத்தை, தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் பூண்டை உரித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குத் தேவையானதற்கு நாலு மடங்கு பூண்டு உரித்துவிட்டாள்.

இந்தத் 'தெரியவில்லை'யை அம்மா அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அப்பா அதைக் கையில் வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் தங்கிவிடுவதற்கு எங்கள் பக்கத்தில் சம்பந்தி முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய காரணம் இரண்டுதான். ஒன்று பிரசவம். மற்றது நோய். முதலாவதற்கு இடமில்லை. ஆகவே நோய். கீழே கொசு, கடித்தால் காய்ச்சல். மலையில் கொசு இல்லை, ஆகவே தங்கச்சி உடம்பு தேறுகிறவரைக்கும் இங்கேயே இருக்கட்டும். அப்பா இதைச் சொல்லி அனுப்பினார். கேட்டவர்களுக்கும் நியாயமாகப் பட்டது. அத்தை இரவில் நன்றாகத் தூங்க ஆரம்பித்தாள். குறட்டைகூட விட்டாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அப்பாவின் முன்கையில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது.

அப்பா சோற்றுக் கையை அப்படியே நிறுத்திவிட்டு இடது கையில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தக் கையைத் தொடைமேல் தேய்த்து அதை நசுக்கினார். ரத்தம் ஒரு புள்ளியாக இருந்தது.

"ஈ," என்றார். "சின்ன ஈ."

அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

மறுநாளே செய்தி வந்தது. எங்கள் ஊருக்குச் செய்தி பஸ்ஸில்தான் வரும். பழனி பஸ் கண்டக்டர் கொடைக்கானல் பஸ் நிலையத்து டீக்கடையில் சொல்ல, டீக்கடைக்காரர் எங்கள் ஊர் பஸ் கண்டக்டரிடம் சொல்ல, அவர் ஓடுகிற பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்துக் கத்தினார். சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் வெள்ளிக்கிழமை வருகிறார்கள், ராத்திரி தங்குவார்கள். வழியில் செய்தி கொஞ்சம் சேதமாகியிருக்கலாம் என்று அப்பா இரண்டு நாள் நம்பிப் பார்த்தார். ஆகவில்லை.

செய்தி வந்த அன்றைக்கே அப்பா என்னை மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். என் புத்தகத்தில் கொசு இருப்பது எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று நான் பென்சிலால் வரைந்திருந்த படத்தில் கொசுவுக்கு எட்டுக் கால் போட்டு அறிவியல் வாத்தியாரிடம் குட்டு வாங்கியிருந்தேன். அதனால் ஊர் முழுக்க என் புலமை பரவியிருந்தது.

"ஏலே, அந்தப் புழு எங்க இருக்கும்?"

"தேங்கிய நீரில்."

"அதான் எங்க?"

"தேங்கிய நீரில் முட்டையிட்டுப் பெருகும்."

அப்பா என் காதைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய், அங்கிருந்த அண்டாவுக்கு மேல் என் முகத்தைக் கொண்டுபோனார். உள்ளே அவை இருந்தன. தலைகீழாகத் தொங்கி, எங்கள் நிழல் விழுந்ததும் சுருண்டு சுருண்டு அடிக்குப் போயின. புத்தகத்தில் படித்த ஒரு சமாச்சாரம் வாழ்க்கையில் நேருக்கு நேர் தட்டுப்பட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. கடைசித் தடவை என்றும் சொல்லலாம்.

அதிலிருந்து வீட்டில் யாரும் உட்காரவில்லை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உள் சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும், முட்டை அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நான் உத்தரவு போட்டேன். தேய்த்தார்கள். மூடியில் இடைவெளி இருக்கக் கூடாது என்றேன். அப்பா தன் பழைய வேட்டியைக் கிழித்து, காட்டில் இருந்த பீப்பாயின் வாயை இறுக்கிக் கட்டினார். பக்கத்துக் காட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, பழனிக்குப் பால்குடமா என்று விசாரித்தார். ஒரு வகையில் பழனிக்குத்தான் என்று அப்பா சொன்னார்.

அம்மா மட்டும் எங்களை எதிர்த்தாள். பைப் தண்ணீர் சரிவுக்குக் கீழே இருந்தது. இடுப்பில் குடமும் கையில் வாளியுமாக ஏறி வந்து அவள் நிரப்புவாள், நாங்கள் கவிழ்ப்போம்.

"கொட்டறதுக்கு வீட்டுல மூணு பேரு, தூக்கறதுக்கு நான் ஒருத்தியா? ஒங்க கொசு சாகறதுக்கு முன்னாடி நான் போய்ச் சேந்துருவேன் போல."

மிகச் சிறந்த மாணவி அத்தைதான். விடிவதற்குள் எழுந்து தேய்க்கத் தொடங்கிவிடுவாள். தேய்த்த அண்டாவையே மறுபடியும் தேய்ப்பாள். குறட்டைச் சத்தம் நின்றுபோயிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாதி வழிக்கே வந்து நிற்பாள், பையைக்கூட வாங்காமல் கேட்பாள்.

"இன்னும் எங்கடா தண்ணி கெடக்கு? யோசிச்சுச் சொல்லு."

நான் யோசிப்பதுபோலப் பாவனை செய்வேன். அதற்குள் அவளே கண்டுபிடித்துவிடுவாள். ஆட்டுக்கல் குழி. கோழிக்கு வைத்த தகரத் தட்டு. கொட்டாங்குச்சி. உடைந்த மண்சட்டியின் விளிம்பு. கடைசியில், மாடு நடந்த சேற்றில் பதிந்திருந்த குளம்படிகளில்கூடத் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொரு குளம்படியாக நிரப்பிக்கொண்டு போனாள். சுகாதாரத்தில் இவ்வளவு பற்று உள்ள ஒருத்தி நம் குடும்பத்தில் பிறந்திருக்கிறாளே என்று நான் பெருமைப்பட்டேன்.

இத்தனைக்கும் பிறகு சாயங்காலமானால் எங்கிருந்தோ இரண்டு கொசு வந்தன. தைலமரத்து இலையைப் போட்டுப் புகை மூட்டினோம். நாங்கள் இருமினோம், கொசு இருமியதாகத் தெரியவில்லை. எந்தக் கொசு எந்த நோயைத் தூக்கிக்கொண்டு வரும் என்ற வித்தியாசமெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இப்போது படித்ததை வைத்துப் பார்த்தால், எங்கள் வீட்டுக் கொசு பெரும்பாலும் மலேரியாக் கொசுவே இல்லை. ஆனால் அதைச் சம்பந்தியம்மாவிடம் யார் விளக்குவது?

வெள்ளிக்கிழமை மதியம் வந்து இறங்கினார்கள்; அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. சம்பந்தியம்மா, அதாவது அத்தை புருஷனான மாமாவின் அம்மா, சால்வையைச் சுற்றிக்கொண்டு, ஒரு பையில் பஞ்சாமிர்தமும் இன்னொன்றில் புத்தம் புதிய நீலக் கொசுவலையுமாக வந்தார். கெட்டவர் இல்லை. கடையில் உட்கார்ந்து ஊர் உலகத்தோடு பேசிப் பழகியவர், அவ்வளவுதான். வந்ததும் வலையை விரித்துக் காட்டினார்.

"நல்ல வலை தம்பி. மெத்தைக்கு அடியில சொருகிட்டா ஒண்ணு உள்ள வராது. நாங்கெல்லாம் அதுலதான குடும்பம் நடத்துறோம்? இனி இவ வர்றதுக்கு என்ன?"

வலை மிக நியாயமான வலை. அப்பா, தங்கச்சிக்கு இன்னும் தெம்பு வரவில்லை, இங்கே வலையே தேவையில்லை, கொசு என்ற பேச்சே இல்லை என்று சுற்றிச் சுற்றிச் சொன்னார். மாமாவின் அம்மா சிரித்தார்.

"அதையுந்தான் பாப்பமே. ராத்திரி இங்கதான இருக்கப் போறோம். ஒரு கொசு கடிச்சாலும் காலையில எம் மருமக என்கூட பஸ் ஏறணும். சரியா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். அத்தை காப்பியைக் கொடுத்துவிட்டு, வலையை மடித்துப் பழையபடி பைக்குள் வைத்தாள்.

மாமா ஒல்லியான மனிதர். நெற்றி நிறையத் திருநீறு, வாயில் வார்த்தை குறைவு. அத்தையைப் பார்த்து, நல்லாருக்கியா என்றார். அவள், ம் என்றாள். இருவருக்கும் அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது. பிறகு அவர் தன் செருப்புகளை நேராக வைத்தார். என் செருப்புகளையும் நேராக வைத்தார்.

சாப்பிட்டதும் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. அவர் அம்மா உள்ளே படுத்துத் தூங்கிப்போனார். அப்பா காட்டுக்குப் போனார். அங்கே ஒரு சோலியும் இல்லை, உட்கார முடியவில்லை, போனார். மாப்பிள்ளை மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளும்படி எனக்குச் சொல்லியிருந்தார். மாமா கொல்லைப்பக்கம் கை கழுவப் போனபோது நானும் பின்னால் போனேன்.

கூரை ஓரத்துக்குக் கீழே ஒரு தொட்டி இருந்தது. காலையில் அத்தை தேய்த்துக் கவிழ்த்து, அம்மா நிமிர்த்தி, மழை நிரப்பிய தொட்டி. மாமா சொம்பில் மொண்டார். ஊற்றப் போனவர் நிறுத்திவிட்டு, சொம்பை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நானும் எட்டிப் பார்த்தேன். புழுக்கள் அதில் சுருண்டு நிமிர்ந்துகொண்டிருந்தன.

காலையில் தேய்த்த தொட்டியில் மதியம் புழு எப்படி வரும்? என் புத்தகத்தில் அதற்கு வழியே இல்லை. மாமா அண்ணாந்து பார்த்தார். கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் தகரக் கூரையைக் காற்று தூக்காமல் இருக்க, பூண்டு லாரிக்காரர்கள் கழித்துப்போடும் பழைய டயர்களை வாங்கி மேலே பாரமாகப் போட்டிருப்பார்கள். வருஷக்கணக்காக அவை அங்கே கிடந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் மழைத் தண்ணீர், புழுவோடு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குளம்படிவரைக்கும் குனிந்து பார்த்த நாங்கள் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

"இது என்னப்பா?" என்று மாமா என்னிடம் கேட்டார்.

அப்பா என்னிடம் ஒப்படைத்த பொறுப்பு எனக்கு நினைவு வந்தது.

"தலைப்பிரட்டை."

"தலைப்பிரட்டையா."

"ஆமா. தவளையாகும்."

பழனியில் வாரத்துக்கு ஒருதரம் சுகாதார ஆட்கள் வந்து, கொசுப்புழு இருக்கிறதா என்று தொட்டி தொட்டியாக விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவர் சம்பந்தமில்லாமல் இன்னொன்று கேட்டார்.

"ஒங்க அத்தை இங்க நல்லாத் தூங்குதா?"

இதற்குப் பொய் சொல்லும்படி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"நல்லாத் தூங்குச்சு. கொறட்டையெல்லாம் விடும். நீங்க வர்றீங்கன்னு கண்டக்டர் சொன்னதுலருந்துதான் தூங்கறதில்ல."

மாமா சொம்பைத் தரையில் கவிழ்த்தார். தொட்டியையும் சாய்த்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரில் சாத்தியிருந்த ஏணியைத் தூக்கி வைத்து, கூரைமேல் ஏறினார். டயர் ஒவ்வொன்றையும் நிமிர்த்தி உருட்டி உருட்டிக் கொட்டினார். கறுப்புத் தண்ணீர் கூரை வழியாக வந்து என் காலடியில் விழுந்தது. காட்டிலிருந்து திரும்பிய அப்பா, வீட்டு மாப்பிள்ளை கூரைமேல் நிற்பதைப் பார்த்து ஓடிவந்தார். மாப்பிள்ளையைக் கூரையில் ஏற்றி வேலை வாங்கினான் என்று ஊர் பேசினால் அப்புறம் தலை காட்ட முடியாது.

"மாப்ள, எறங்குங்க. என்ன இது, வெரசா எறங்குங்க. நான் பாத்துக்கறேன்."

"தகரம் ஆடுதுங்க மச்சான். அம்மா தூங்குறாங்க, சத்தத்துல முழிச்சுக்குவாங்க."

அப்பா தரையைப் பார்த்தார். ஈரமண்ணில் புழுக்கள் துடித்துக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் காலை வைத்து நின்றுகொண்டார். அதற்குப் பிறகு மாப்பிள்ளையை இறங்கச் சொல்லவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டார். கடைசி டயர்வரைக்கும் தண்ணீர் நிற்காதபடி, அப்பா ஏணி வழியாக எடுத்துக் கொடுத்த மண்ணை நிரப்பிவிட்டு மாமா இறங்கியபோது வெள்ளை வேட்டி எங்கும் கறுப்பு வளையங்கள். அவர் அம்மாவிடமும் தகரத்தைத்தான் சொன்னார்.

புழுவைக் கொட்டினாலும் பறக்கிற கொசு இருக்கிறதே. சாயங்காலம் அடுப்படியில் கணப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். முழுக்கைச் சட்டை, மப்ளர், சாக்ஸ். ஙொய்யென்று ஒன்று காதோரம் வந்தது. அப்பா பெரிதாக இருமினார். அம்மா ஒரு தட்டைக் கீழே போட்டாள். அத்தை அடுப்பு ஊதுகுழலை எடுத்து, எரிகிற நெருப்பையே ஊதிக்கொண்டிருந்தாள். அது சுற்றிச் சுற்றி வந்து, தீக்குக் காட்டிக்கொண்டிருந்த மாமாவின் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அடிக்கவில்லை. கையை அசைக்கவில்லை. கடையில் கற்பூரம் ஈரமாகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்த தன் அம்மாவுக்கு, ம், ம் என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அது நிதானமாகக் குடித்தது. வயிறு சிவந்து, கனத்து, பறக்க முடியாமல் பறந்து போனது.

"என்னடா கையவே பாக்குற? கொசுவா?" என்றார் அவர் அம்மா.

"இங்க ஏதும்மா கொசு."

சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு நெருப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவ இங்கயே இருக்கட்டும்மா. ஒடம்பு தேறட்டும்."

"எத்தன நாளைக்குடா?"

"தேறட்டும்மா."

அத்தை ஊதுவதை நிறுத்தினாள்.

கொசு கடிப்பதுகூடத் தெரியாத அளவுக்குப் பழனிக்காரர்களுக்குத் தோல் மரத்துப்போயிருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். புழுவையும் தெரியவில்லை, கொசுவையும் தெரியவில்லை. இந்த மனிதர் எப்படிக் கடை நடத்துகிறார்? படத்தைக் காட்டி நாலு பருவத்தையும் அவருக்கு விளக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, தூக்கம் வந்துவிட்டது.

அத்தைக்கு உடம்பு 'தேறவே' இல்லை. இன்றுவரைக்கும். கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதிச் சமையலறையில் சேர்ந்து, பிள்ளைகளை அதட்டிச் சோறு போட்டு, இப்போது ஓய்வாக இருக்கிறாள். மாமா சில வருஷம் கழித்து வேறு கல்யாணம் செய்துகொண்டார். பேச்சுவார்த்தை, பஞ்சாயத்து எதுவும் நடக்கவில்லை.

அந்த ராத்திரிக்கு மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பினார்கள். அப்பாவும் நானும் போய் ஏற்றிவிட்டு வந்தோம். அத்தை வரவில்லை. நான் திரும்பி வந்தபோது கொல்லையில் அந்தத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நாரைக் கீழே வைத்தாள்.

"நேத்து ஒன்கிட்ட அவரு என்னடா பேசிட்டிருந்தாரு?"

"நீ நல்லாத் தூங்குறியான்னு கேட்டாரு."

"அவரா கேட்டாரு?"

"ஆமா."

அத்தை தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட ஒரு நாளும் கேக்கலியேடா," என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் போய்விட்டார்கள், இவள் இங்கேயே இருக்கப் போகிறாள், கொசுவும் ஒழிந்தது. அழ என்ன இருக்கிறது? தேய்த்ததில் ஏதோ விட்டுப்போய்விட்டது என்ற கவலையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. பக்கத்தில் போய், நிபுணன் என்ற முறையில், அவள் தோளைத் தட்டினேன்.

"அழாத அத்தே. முட்ட ஒட்டியிருந்தாலும் தண்ணி இல்லாம பொரிக்காது."